கம்பி எங்கே முடிகிறது?

கறுப்புத் திரை. நடுவில் வெளிர்மஞ்சளாக ஒரே ஒரு புள்ளி. மெதுவாகக் கீழே இறங்குகிறது. கீழே ஒரு செங்கல் சுவர். தொட்டது தெரியாது, பார்த்தால் சுவரில் பெரிய ஓட்டை! செங்கல் எல்லாம் பொடிப்பொடியாகக் கொட்டிக் கிடக்கிறது.

தி பவுடர் டாய் என்ற கணினி விளையாட்டில் இந்தப் புள்ளிக்கு டி.எச்.டி.ஆர். என்று பெயர். தண்டர் என்பதைச் சுருக்கினால் வருவது. அதாவது இடி. ஆனால் பெயருக்குப் பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் படித்தால் மின்னல் என்று போட்டிருக்கிறது. ரொம்பச் சூடானது, பெரும்பாலான பொருட்களைச் சேதப்படுத்தும், உலோகத்தில் மின்சாரத்தைச் செலுத்தும் என்று. பெயர் இடி, வேலை மின்னல். இதில் குழப்பம் ஒன்றும் இல்லை. தமிழிலும் அப்படித்தானே! மின்னல் பாய்ந்து மரம் கருகினால் 'இடி விழுந்துவிட்டது' என்கிறார்கள். மின்னலைப் பிடித்து மண்ணுக்குள் விடும் கம்பிக்குப் பெயர் இடிதாங்கி.

விளையாட்டு என்று சொன்னாலும் இதில் ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. 612 புள்ளி அகலம், 384 புள்ளி உயரம் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். மணல், தண்ணீர், உலோகம், அமிலம், மரம், வெடிமருந்து என்று வகைவகையான பொருட்கள் ஓரத்தில் இருக்கும். எடுத்துத் தூவவேண்டியது, என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டியது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். உலோகம் சுமார் 1000 டிகிரியில் உருகும். காற்றுக்கு அழுத்தம் உண்டு. அழுத்தம் 256-ஐத் தாண்டாது, வெப்பம் 9,725 டிகிரியைத் தாண்டாது. இலவசம். மூலநிரலும் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஸ்டானிஸ்லாவ் ஸ்கோவ்ரோனெக் என்பவர் தொடங்கியதைப் பிறகு பலர் சேர்ந்து வளர்த்தார்கள்.

2018 ஏப்ரலில் சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவன் இதே வேலையாகத் திரிந்தான். பி.காம். கடைசி வருடம். ஸ்டடி லீவு. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் மடியில், பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி அதற்கு மேல். புத்தகம் கணினிக்கு முட்டுக்கொடுக்க நல்ல உதவியாக இருந்தது.

அவன் அம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை. காலை ஏழு மணிக்கு வேன் வரும், சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடும். கை விரல்களில் அலுமினியத் தூளின் வெள்ளிப் பூச்சு எத்தனை சோப்புப் போட்டாலும் முழுசாகப் போகாது. அந்த அம்மா ஒருநாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு வந்து திரையை எட்டிப் பார்த்தாள். பையன் ஒரு குட்டி அறையை வெடிக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, நான் பொழுதன்னைக்கும் வெடிகூடக் கெடந்து வாரது பத்தாதா? வீட்லயும் நீ வெடிக்கணுமா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அந்த மத்தியானத்தை மறந்தவர்கள் இல்லை. வெடி என்ற சொல்லை அவள் வீட்டில் யாரும் சும்மா சொல்வதில்லை.

சரி, அந்த மஞ்சள் புள்ளிக்கு வருவோம்.

டி.எச்.டி.ஆர். எப்படி நடந்துகொள்கிறது என்பதை அவன் நிரலைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டான். பெரிய நிரல் எல்லாம் இல்லை, ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். சாராம்சம் இதுதான். புள்ளி தன்னைச் சுற்றி இரண்டு புள்ளி தூரம் வரை பார்க்கும். பக்கத்தில் இருப்பது மின்சாரம் கடத்தும் பொருளா? அப்படியானால் அதற்குள் ஒரு பொறியை விட்டுவிட்டுத் தான் மறைந்துவிடும். சத்தமே கிடையாது. கடத்தாத பொருளா? அப்படியானால் அந்த இடத்தின் காற்றழுத்தத்தில் ஒரேயடியாக 100-ஐக் கூட்டிவிட்டு மறையும். அதுதான் வெடிப்பு.

இந்த 100 எவ்வளவு பெரியது? அந்த விளையாட்டில் செங்கல் 8.8 அழுத்தத்திலேயே உடைந்து கல்பொடியாகிவிடும். ஒரு துளி மின்னல் அதைப்போலப் பதினோரு மடங்கு. கண்ணாடி பற்றிப் பேசவே வேண்டாம், லேசாக அழுத்தம் மாறினாலே நொறுங்கும்.

இதில் அவனை யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. டி.என்.டி., வெடிமருந்து, நைட்ரோகிளிசரின் எல்லாம் அந்த விளையாட்டில் தாங்களாக வெடிக்கின்றன. வெடிப்பு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. டி.எச்.டி.ஆர். அப்படி இல்லை. அது வெடிக்குமா வெடிக்காதா என்பதை அது முடிவு செய்வதில்லை, எதிரே நிற்பது முடிவு செய்கிறது. போக வழி கொடுத்தால் பேசாமல் போய்விடும். வழி கொடுக்காவிட்டால் உடைத்துக்கொண்டு போகும்.

நிஜ மின்னலும் ஏறக்குறைய இந்த மாதிரிதான். மின்னல் பாயும் பாதையில் காற்று சுமார் 30,000 டிகிரிக்குச் சூடாகிறது. விளையாட்டின் மஞ்சள் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் 9,000 டிகிரி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சூட்டில் காற்று திடீரென்று விரிவதுதான் இடிச்சத்தம். மின்னோட்டம் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். வீட்டுக்குள் வரும் மின்சாரத்துக்கு ஃபியூஸ் எத்தனை ஆம்பியரில் போகும் என்று நினைத்துப் பார்த்தால் இது என்ன கணக்கு என்று புரியும். ஒரு தடிமனான செம்புப் பட்டை அதைத் தாங்கிக்கொள்ளும். ஏனென்றால் அந்த ஓட்டம் நீடிப்பது கண்ணிமைக்கும் நேரத்திலும் மிகச் சிறிய பங்கு. ஆனால் அதே மின்னல் ஒரு மரத்தில் பாய்ந்தால் உள்ளே இருக்கும் சாறு அந்தக் கணத்திலேயே ஆவியாகும். ஆவிக்கு இடம் போதாது. பட்டை உரிந்து தெறிக்கும், சில சமயம் மரமே பிளக்கும். விளையாட்டின் நிரலில் தண்ணீருக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். தண்ணீர் மின்சாரம் கடத்தும் பொருள்தான், இருந்தாலும் டி.எச்.டி.ஆர். அதைத் தொட்டால் பொறி ஓடாது, அழுத்தம்தான் ஏறும். யார் எதை நினைத்து எழுதினார்களோ, ஈர மரத்தின் கதைக்கு அது பொருந்தித்தான் போகிறது.

இதெல்லாம் தெரிந்ததும் அவன் ஓர் அறை கட்டினான். மூன்று புள்ளித் தடிமனில் செங்கல் சுவர், உள்ளே வெடிமருந்துத் தூள். அம்மா வேலை செய்கிற ஆலையில் இருக்கும் அறைகள் மாதிரியே சின்னதாக, தனியாக. ஒரு அறையில் வெடித்தால் அடுத்த அறைக்குப் போகக்கூடாது என்பதற்காக அங்கே அறைகளைத் தள்ளித் தள்ளித்தான் கட்டுவார்கள்.

முதல் சோதனை: இடிதாங்கி இல்லாத அறை. ஒரு துளி விட்டான். கூரை உடைந்தது, மருந்து பற்றியது, திரை முழுக்க ஆரஞ்சு.

இரண்டாவது: கூரைக்கு மேல் ஒரு உலோகக் கம்பி, சுவரை ஒட்டி உள்பக்கமாக இறக்கினான். துளி கம்பியைத் தொட்டது. சத்தமில்லை. பொறி கம்பி வழியாக ஓடியது. ஓடும்போது பக்கத்தில் இருந்த மருந்து பற்றிக்கொண்டது! பொறியிலிருந்து இரண்டு புள்ளி தூரத்துக்குள் எரியக்கூடிய பொருள் எதுவும் இருக்கக்கூடாது என்பது அந்த விளையாட்டின் சட்டம். இடிதாங்கியே திரியாகிவிட்டது.

மூன்றாவது: கம்பியைச் சுவருக்கு வெளியே, நன்றாகத் தள்ளி இறக்கினான். துளி விழுந்தது, பொறி ஓடியது, மருந்து அப்படியே இருந்தது. பத்து தடவை விட்டுப் பார்த்தான். பத்து தடவையும் பாஸ்.

நான்காவது: ஒரு துளிக்குப் பதிலாகக் கைநிறைய அள்ளிக் கொட்டினான். கம்பியே வெடிப்புக்கு நடுவில் நின்றது. காரணம் நிரலில் இருந்தது. பொறி ஓடி முடித்த உலோகம் சில கட்டங்கள் ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் வந்து விழும் துளிக்கு அது வழி கொடுக்காது. வழி இல்லையென்றால் 100 அழுத்தம். இது மின்னலைவிடப் பேருந்து நிலையத்துக்குத்தான் பொருந்தும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது அறையைத்தான் அம்மாவுக்குக் காட்டினான். பெருமையாகத்தான். "பாரும்மா, இதுதான் இடிதாங்கி. விழுந்தாலும் மருந்துக்கு ஒண்ணும் ஆகல."

அவள் குனிந்து பார்த்தாள். பொறி கம்பியில் ஓடி அடிவரைக்கும் போய் நின்றதையும் பார்த்தாள்.

"கம்பி கீழ எங்க போகுது?"

"எங்கயும் போகல. அங்கயே முடிஞ்சிருது."

"அப்போ கரண்டு?"

"அதுவும் முடிஞ்சிருதும்மா. அணைஞ்சிரும்."

"அதெப்படிடா அணையும்? எங்க ஆலையில கம்பிக்கு அடியில குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு மூடி வச்சிருக்காங்க. சித்திரை வெயில்ல அதுக்குத் தண்ணி வேற ஊத்தச் சொல்வாங்க. நானே எத்தனை கொடம் ஊத்திருக்கேன்."

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். கேட்க வந்தது அதுவல்ல போலிருக்கிறது.

"எட்டாம் நம்பர் மருந்து அறையில சுவரு பூசுனப்ப கீழப் பட்டையக் கழட்டிப் போட்டாங்கடா. மாசம் ரெண்டாச்சு. இன்னும் மாட்டல. மேலதான் கம்பி நிக்குதே, அது போதும்ங்கிறாரு போர்மேன். போதுமா?"

எட்டாம் நம்பருக்கு அடுத்த அறையில்தான் அவள் இன்னும் மூன்று பெண்களோடு உட்கார்ந்து சரம் பின்னுகிறாள்.

அவன் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று கம்பியின் கீழ்ப்பாதியை அழித்தான். துளியை விட்டான். பொறி மேல்பாதியில் ஓடி, அறுந்த முனைக்கு வந்து, அணைந்தது. மருந்து அப்படியே இருந்தது. இன்னொரு தடவை விட்டான். அதேதான்.

"ஒண்ணும் ஆகாதும்மா. போதும்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் அவனுக்கு அந்தக் கரியும் உப்பும் ஞாபகம் வந்தது. ஒன்றும் ஆகாது என்றால் எதற்காகக் குழி? எதற்காகத் தண்ணீர்? வெட்டியாக யாரும் கரி வாங்கிப் போடமாட்டார்களே. படிக்க ஆரம்பித்தான். காஸ்ட் அக்கவுண்டிங் இல்லை.

இடிதாங்கியைச் சொன்னவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1752-இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் நடந்த சோதனைகளில் மின்னல் என்பது மின்சாரம்தான் என்று உறுதியானது. 1753-ஆம் வருடத்துக்கான தன்னுடைய பஞ்சாங்கத்தில் பிராங்க்ளின் வீட்டுக்கு இடிதாங்கி வைப்பது எப்படி என்று பொதுஜனங்களுக்கு எழுதினார். கம்பியின் மேல்முனை வீட்டின் உச்சிக்கு மேல் ஆறிலிருந்து எட்டு அடி நிற்கவேண்டும். கீழ்முனை மூன்று நான்கு அடி ஈரமண்ணுக்குள் இருக்கவேண்டும். ஈரமண்! அந்த ஒரு சொல்லில் அவன் அம்மாவின் தண்ணீர்க்குடம் இருந்தது.

அதே 1753-இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கெயோர்க் ரிச்மான் என்ற விஞ்ஞானி இருந்தார். மின்னலின் மின்சாரத்தை அளக்க ஆசை. வீட்டுக் கூரையில் கம்பி நட்டு, அதிலிருந்து வரும் இழையை அறைக்குள் இருந்த அளவுக்கருவிக்குக் கொண்டுவந்தார். அளக்கவேண்டும் என்பதால் கம்பியை மண்ணில் இறக்கவில்லை. ஆகஸ்ட் 6-ஆம் தேதி இடிமழை. கருவியைப் பார்க்கக் குனிந்தார். கருவிக்கும் அவருக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியைத் தாண்டி மின்சாரம் அவர் நெற்றியில் பாய்ந்தது. அங்கேயே இறந்துபோனார். காலணி கிழிந்திருந்தது. உடம்பு வழியாகப் போய்க் கால் வழியாகத் தரைக்கு இறங்கியிருக்கிறது. பக்கத்தில் நின்ற செதுக்கு ஓவியர் மயங்கி விழுந்தார், பிழைத்துக்கொண்டார்.

கம்பி எங்கே முடிகிறதோ அங்கே மின்சாரம் முடிவதில்லை. மண்ணுக்குப் போக அடுத்த வழியைத் தேடுகிறது. அன்றைக்கு அந்த வழி ரிச்மான்.

விளையாட்டில் மண் என்ற ஒன்று கிடையாது. மணல் உண்டு, கல் உண்டு, ஆனால் மின்சாரம் போய்ச் சேரவேண்டிய பூமி இல்லை. பொறி அதற்குத் தெரிந்த உலோகத்தில் நான்கு நான்கு கட்டமாக ஓடும், உலோகம் தீர்ந்தால் தீர்ந்துபோகும். கம்ப்யூட்டர் சர்க்யூட் கட்டி விளையாடுபவர்களுக்கு இதுதான் வசதி. திரும்பி வரும் ஒயர் எல்லாம் போடவேண்டியதில்லை. ஆகவே அதைத் தப்பென்று சொல்லமுடியாது. பொம்மைக் காரில் பெட்ரோல் டேங்க் இல்லை என்று யாரும் சண்டை போடுவதில்லையே. அந்தப் பொம்மையை வைத்துக்கொண்டு நிஜமான ஓர் அறைக்குத் தீர்ப்புச் சொன்னது யார் தப்பு?

1769-இல் இத்தாலியின் பிரெஷா நகரத்தில் வெடிமருந்து சேமித்து வைத்திருந்த இடத்தில் மின்னல் பாய்ந்து நகரத்தின் ஒரு பகுதியே நாசமானது என்பதையும் அன்று ராத்திரிதான் படித்தான். அதற்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை. விடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்தபடி படுத்தான். அவன் கண்விழித்தபோது மணி எட்டு. ஏழு மணி வேன் போயிருந்தது.

போன் பண்ணலாம் என்றால் முடியாது. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டுக்குப் போன் பண்ணி என்னவென்று சொல்வது? விளையாட்டில் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றா?

சாயங்காலம் சொன்னால் போதும் என்று இருந்துவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கருத்தது. சித்திரை மாதத்துக் கோடைமழை எப்படி வரும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. முதலில் புழுக்கம், அப்புறம் புழுதிக்காற்று, அப்புறம் திடுமென்று வானம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ஆச்சி "அர்ஜுனா அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே காயப்போட்ட வத்தலை அள்ளினாள். அவன் வாசல் திண்ணையில் நின்றுகொண்டு மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணினான். மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். ஆறு. ஒன்பது. ஐந்து. ஆலை இருந்த திசை எது, மின்னிய திசை எது என்று திரும்பத் திரும்பப் பார்த்தான். விளையாட்டில் ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் எல்லாம் நின்றுவிடும். எஃப் பட்டனைத் தட்டினால் ஒவ்வொரு கட்டமாக நகரும். தப்பாகப் போனால் கண்ட்ரோல் இஸட். முந்தின நாள் ராத்திரி அவன் சொன்ன 'போதும்' என்ற சொல்லுக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை.

ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. வேன் அன்றைக்கு ஆறே முக்காலுக்கு வந்தது. அம்மா நனைந்த சேலையோடு இறங்கி, "என்னடா வாசல்லயே நிக்க? அடுப்புல உலை வச்சியா இல்லையா?" என்றாள்.

வைக்கவில்லை. அவன் எல்லாவற்றையும் சொன்னான். ரிச்மான் கதையையும் சொன்னான். மண்ணில் இறங்காத கம்பி இல்லாத கம்பியைவிட மோசம் என்று சொன்னான். மேலே நின்று மின்னலை வாங்கிக்கொள்ளும், அப்புறம் எங்கே விடுவது என்று தெரியாமல் பக்கத்தில் இருப்பதன் மேல் விடும். அறுந்த முனை ஆள் உயரத்தில் தொங்குகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் மருந்து.

கடைசியாக, "நேத்து நான் சொன்னது தப்பும்மா" என்றான்.

அவள் திட்டவில்லை. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, "எனக்கு அப்பவே மனசு கேக்கல. தண்ணி ஊத்துனவளுக்குத் தெரியாதா? ஆனா நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னியேன்னு பேசாம இருந்துட்டேன்" என்றாள். அது திட்டைவிட நன்றாக உறைத்தது.

மறுநாள் அவள் போர்மேனிடம் கேட்டாள். பார்க்கலாம் என்றார். அதற்கு மறுநாளும் கேட்டாள். சீசனுக்கு ஆர்டர் நிற்கிறது, இந்த நேரத்தில் பட்டைக்கு ஆள் எங்கே பிடிப்பது என்றார். மூன்றாம் நாள் அந்த அறையில் இருந்த நான்கு பெண்களும் சேர்ந்து போனார்கள். சண்டை எல்லாம் போடவில்லை. பட்டை மாட்டுகிற வரைக்கும் மேகம் கருத்தாலே எழுந்து வெளியே போய்விடுவோம், விசில் ஊதும்வரை உட்கார்ந்திருக்கமாட்டோம், கூலியில் பிடித்தால் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். துண்டுக்கூலி வேலையில் ஒரு மணி நேரம் வெளியே நின்றால் யாருக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு நாள் அப்படியே எழுந்து போகவும் செய்தார்கள். மரத்தடிக்குப் போகாமல் கேட்டுப் பக்கத்தில் இருந்த ஆபீஸ் கட்டடத்துக்குப் போனார்கள். அது மட்டும் மகன் சொல்லி அனுப்பியது. மின்னல் மரத்தில் இறங்கினால் தரையிலும் பரவும், ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் நடுவே மின்னழுத்தம் வித்தியாசப்படும், மரத்தடியில் ஒதுங்கும் ஆடுமாடுகள் அப்படித்தான் சாகின்றன என்று அவன் படித்திருந்தான்.

பத்தாவது நாள் எலக்ட்ரீசியன் வந்தார். கழட்டிப்போட்ட பட்டை பாதி காணாமல் போயிருந்தது. செம்புக்கு எடைக்கடையில் நல்ல விலை. அதனால் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையைப் புதிதாக மாட்டி, குழியைக் கிளறி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். "எட்டோ என்னமோ காட்டுச்சாம்டா. பத்துக்குள்ள இருந்தாப் போதுமாம்" என்று அம்மா வந்து சொன்னாள். பத்து ஓம். இந்தியத் தரவிதியில் இடிதாங்கிக்குச் சொல்லியிருக்கும் எல்லை அதுதான்.

மொத்தச் செலவு எவ்வளவு இருக்கும்? பதினைந்து அடிப் பட்டை, ஒரு மூட்டை கரி, கொஞ்சம் உப்பு, ஒரு நாள் கூலி. காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சையில் நார்மல் லாஸ், அப்நார்மல் லாஸ் என்று ஒரு கேள்வி வந்தது. வழக்கமாக வரும் சேதத்தைச் செலவோடு சேர்க்கவேண்டும், எதிர்பாராத சேதத்தைத் தனியாக லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுபோகவேண்டும். அவன் நன்றாகவே எழுதினான். நடக்காமல் போன சேதத்தை எந்தக் கணக்கில் காட்டுவது என்று புத்தகத்தில் இல்லை. எட்டாம் நம்பர் அறையில் அந்த வருடம் மின்னல் விழவில்லை. பட்டை மாட்டாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று போர்மேன் சொன்னால் அதை மறுக்க யாரிடமும் ஆதாரம் இல்லை. பாதுகாப்புக்குச் செய்கிற எந்தச் செலவுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. அது வேலை செய்தால் வெட்டிச்செலவு மாதிரியே தெரியும்.

பரீட்சை முடிந்த பிறகு அவன் மறுபடி அந்த விளையாட்டைத் திறந்தான். விடமுடியுமா என்ன! மூன்றாவது அறை அப்படியே இருந்தது. துளியை விட்டான். பொறி ஓடி அடிக்கு வந்து அணைந்தது. மருந்து பத்திரமாக இருந்தது. அந்த விளையாட்டில் நினைத்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை நட்டு எழுதி வைக்கலாம். கம்பி முடிகிற இடத்தில் ஒன்றை நட்டு, 'இங்கே மண் இல்லை' என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தான்.

பின்னால் வந்து நின்ற அம்மாவுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. "என்னடா எழுதியிருக்க?" என்றாள். படித்துச் சொன்னான்.

"ஆமா, அதான் நான் அன்னைக்கே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள்.